மாயூரத்து முன்சீப்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை காலஞ்சென்றது 1889-ம் வருஷம் ஜூலை மாதம் 21-ந் தேதி. தமிழில் முதல் நாவல் எழுதியவர் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர் பெயரைச் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அவர் தம் வாழ்நாளின் நடுப்பகுதியை எந்த ஆசனத்தில் உட்கார்ந்து கழித்தார், அங்கே எதைக் கண்டார், கண்டதை எவ்விதம் எழுத்திற் கொண்டுவந்தார் என்று விசாரிப்பவர் சிலரே. அவர் நியாயாதிபதி. ஏழை எளியவர் வந்து நிற்கும் ஜில்லா முன்சீப் கோர்ட்டில் இருந்து தீர்ப்புச் சொன்னவர். அவருடைய சரித்திரத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது நம் தேசத் தொண்டர்களுக்குப் பயன்படும் என்று கருதி இன்று இப்பத்திகளில் எடுத்துக்கொள்கிறோம்.

எடுத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் இளைஞர்களிற் சிலர், அவர் வெள்ளைக்காரச் சர்க்காரிடம் சம்பளம் வாங்கியவர் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு அவரை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடுகிறார்கள். வழக்கைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது வெள்ளைக்காரன் செய்தாலும் தவறுதான், நாம் செய்தாலும் தவறுதான். ஆகவே முதலில் வழக்கைக் கேட்போம்.

அமெரிக்க இலக்கியத்தைப் பயின்ற நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அந்நாட்டுக் கதாசிரியர்களிற் பெரியோர் பலர் நியாய விசாரணையையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பிறர்மேல் தீர்ப்புச் சொல்ல ஒருவனுக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வி அவர்களை விடுவதில்லை. 1692-ம் வருஷத்தில் மாஸசூஸெட்ஸ் என்னும் குடியேற்ற நாட்டைச் சேர்ந்த ஸேலத்தில் (நம் சேலமன்று) சூனியக்காரர் என்று பழி சுமத்தப்பட்டுப் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அந்த விசாரணையில் அமர்ந்த நியாயாதிபதிகளுள் ஜான் ஹாத்தார்ன் என்பவர் ஒருவர். அவர் வமிசத்தில் வந்த நத்தானியல் ஹாதார்ன் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதிக்கொண்டவர். முன்னோர் செய்த கொடுமைக்குத் தாம் வெட்கப்படுவதாக வெளிப்படையாகவே எழுதியவர். 1850-ல் அவர் வெளியிட்ட கதையில் ஒரு பெண், மார்பில் சிவப்பு எழுத்தொன்றைத் தைத்துக்கொண்டு, கையிற் குழந்தையோடு ஊர் நடுவில் தண்டனை மேடைமேல் நிற்கிறாள். அவளோடு பிழையிற் பங்குகொண்ட பாதிரியார் கவர்னர் முதலிய பெரிய மனிதரோடு மேலே மாடத்தில் நிற்கிறார். நின்று, உடந்தையாயிருந்தவன் பெயரைச் சொல்லிவிடும்படி அவளுக்குப் புத்தியும் கூறுகிறார். தீர்ப்புச் சொல்வோர் வரிசையிலேயே குற்றவாளி நிற்பதைக் காட்டிய இக்கதை, உலகம் முழுவதும் பரவியதில் வியப்பில்லை.

ஹாதார்ன் நியாயாதிபதியின் வமிசத்தவர். நம் வேதநாயகம் பிள்ளையோ நியாயாதிபதியே. தீர்ப்பு எழுதிய கைதான் கதையும் எழுதிற்று. இத்தகைய சேர்க்கை எந்தத் தேசத்து இலக்கியத்திலும் அடிக்கடி நிகழ்வதன்று.

அவர் 1826-ம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ந் தேதி திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் ஜனித்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். இருபத்திரண்டு வயதளவில், 1848-ல், திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். பின்னர் ஆசிரியர் பார்த்த வேலையே மாணாக்கருக்கும் வாய்த்தது; மொழிபெயர்ப்பாளரானார்.

இந்த மொழிபெயர்ப்பு உத்தியோகத்தைப்பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறோம். கும்பனியார் காலத்து ஜில்லாக் கோர்ட்டை நேயர்கள் மனத்திற் கண்டு பார்க்கட்டும். மேடைமேல் இருக்கும் துரைக்கோ தமிழ் அரைகுறை. கூண்டில் நிற்கும் குடியானவனுக்கோ ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஒருவன் உயிரும் நிலமும் மானமும் இந்த இருவருக்கும் நடுவே நிற்கும் ஒரு குமாஸ்தாவின் நாவிலும் பேனாவிலும் தொங்குகின்றன. சாட்சி, தான் பார்த்ததாகச் சொன்னானா, பார்த்ததாகக் கேள்விப்பட்டேன் என்று சொன்னானா? கொடுத்தேன் என்றானா, கொடுக்க இருந்தேன் என்றானா? தமிழில் ஒரு விகுதி மாறினால் ஆங்கிலத்தில் ஒரு வழக்கே மாறிவிடும். எழுதப்பட்ட காகிதம் சரிதானா என்று பார்க்கச் சாட்சிக்கு வழியில்லை. சொன்ன வார்த்தை இதுதானா என்று பார்க்கத் துரைக்கும் வழியில்லை. வேதநாயகம் பிள்ளை தம் இளமையில் வருஷக்கணக்காக இருந்தது இந்த இடைவெளியில்தான். பிற்காலத்தில் தேச பாஷையைப்பற்றி அவர் எழுதியவற்றிற் காணும் சூடு எங்கிருந்து வந்தது என்பதை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

1857-ம் வருஷம், வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே வருஷம், அவர் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்கள் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுப் பன்னிரண்டு வருஷமே ஆகியிருந்தது. அப்பால் சீகாழி, அப்பால் மாயூரம். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று வருஷம் இருந்தார். அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. குற்ற விசாரணையின் பரபரப்பு முன்சீப் கோர்ட்டில் இராது. வாய்க்கால் தண்ணீர், வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, கடன் பத்திரத்தில் வைத்தது தன் கையெழுத்தன்று என்ற வாதம், அண்ணன் தம்பி பேச்சு வார்த்தையற்றுப் போய்ப் பத்தடி இடைவெளியில் நிற்கும் காட்சி: இவைதாம் தினந்தோறும். இவற்றில் பெரிய பொய்யும் இராது, முழு மெய்யும் இராது. மனிதர்மேல் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கூச்சமான வேலை என்பதை ஒருவன் கற்க வேண்டுமானால் கொலை வழக்கைவிட இவையே நல்ல பள்ளிக்கூடம்.

அவருடைய முதற் பெரு நூலாகிய நீதிநூல் 1859-ல் வெளிவந்தது. அறத்தை அதிகாரம் அதிகாரமாகச் செய்யுளில் வகுத்துச் சொல்வது அந்நூல். கைக்கூலியை, அதாவது லஞ்சத்தை, அவர் அதில் இடித்துரைக்கிறார். செய்யுளில் லஞ்சத்தைக் கண்டித்தவர் தமிழில் முன்னும் இருந்தனர். ஆனால் லஞ்சம் தேடிவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு கண்டித்தவர் இவர். பாட்டின் சுவையைப்பற்றிப் புலவர்கள் பலவிதமாகப் பேசலாம். பாடியவர் அதன்படி நடந்தாரா என்பதை மாயூரத்துக் கட்சிக்காரர்கள் அறிந்திருப்பார்கள், அவர்கள் காலத்திலேயே அவருக்கு நல்ல பெயர் நிலைத்துவிட்டது.

நாம் மிகவும் உயர்வாக மதிப்பது 1862-ல் வெளிவந்த சித்தாந்த சங்கிரகம் என்ற நூலை. சென்னை சதர் கோர்ட்டார் 1805 முதல் 1861 வரை செய்த தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கித் தந்த புஸ்தகம் அது. சதர் கோர்ட்டு எடுபட்டு ஹைக்கோர்ட்டு ஏற்பட்டதும் அதே 1862-ல்தான். ஐம்பத்தாறு வருஷத்துத் தீர்ப்புகளைத் தனி ஒருவர் தம் கோர்ட்டு வேலைக்கு மத்தியில் தமிழாக்கினார் என்பது சாமானியமன்று. இதன் அருமை வக்கீல் தொழிலில் இருப்போருக்குச் சட்டென்று விளங்கும். மற்றவர்களுக்காகச் சிறிது விளக்குகிறோம்.

வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்க நூல்கள் புகழும் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பல நாடுகளாகப் பிரிந்தது. அவற்றில் எடப்புளி நாடு ஒன்று. அங்கே வாழும் மலையாளிகள் என்னும் மலைக்குடிகள் (மலையாளம் பேசுவோர் அல்லர், தமிழ் பேசுவோரே) தங்களுக்குள் எழும் வழக்கை நாட்டுப் பெரியவர்களைக் கூட்டி, அவர்கள் முன் சொல்லித் தீர்த்துக்கொள்வது நெடுங்காலமாக வந்த பழக்கம். அந்தக் கூட்டத்தில் வாதி பேசுவது பிரதிவாதிக்குப் புரியும். பெரியவர் சொல்லும் தீர்ப்பு இருவருக்கும் புரியும். போன தலைமுறையில் இதேபோன்ற வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதும் கூட்டத்தில் உள்ள கிழவர்களுக்கு நினைவிருக்கும். அச்சபைகளிலும் குறை உண்டு, நாம் மறைக்கவில்லை; தாட்சணியமும் பழம்பகையும் எந்தப் பஞ்சாயத்திலும் புகாமல் இரா. ஆனால் தோற்றவன், தான் எதனால் தோற்றான் என்பதை அறிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான். அதே மலைக்குடி கீழே இறங்கிவந்து சர்க்கார் கோர்ட்டில் நிற்கும்போது, அவன் வழக்கு எந்த முன்தீர்ப்பைக்கொண்டு முடிவாகிறது என்பது அவன் கண்ணுக்கே படாத ஆங்கிலப் புஸ்தகத்தில் இருந்தது. ஆங்கிலம் தெரியாத கிராம முன்சீபுக்கும் பத்திர எழுத்தருக்கும்கூட அது எட்டாது. பூட்டப்பட்ட அந்தப் பெட்டியைத்தான் வேதநாயகம் பிள்ளை 1862-ல் திறந்து வைத்தார்.

அவருடைய பழக்க வழக்கங்களை விரிவாகச் சொல்ல இடமில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். அவர்மேல் குளத்துக்கோவை பாடியவர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவரிடம் அன்பு பாராட்டினார். கத்தோலிக்க முன்சீபும் சைவ மடத்துத் தலைவரும் ஒருவரை ஒருவர் மதித்து நடந்த அந்தக் காலத்தை இக்காலத்து மத வாதம் செய்வோருக்கு நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. எந்த மதத்தாரும் மனம் நோகாமல் பாடத் தக்கவையாக அவர் இயற்றிய சர்வ சமயக் கீர்த்தனைகள் 1878-ல் வெளிவந்தன. அதற்குச் சற்று முன்னேதான் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாடு பட்ட பாட்டை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பொழுது அவர் உத்தியோகத்தில் இல்லை, 1872-லேயே விலகிவிட்டார். கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தத் தர்மத்தைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். மனிதரைப் பாட எளிதில் இசையாத வாய் அது.

இனி, பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு வருவோம். 1879-ல் அச்சான இந்த நூலைப் பலரும் வேடிக்கைக் கதைகளின் மூட்டை என்றே படித்து முடிக்கிறார்கள். வேடிக்கைக்குக் குறைவில்லைதான். ஆனால் ஒரு முன்சீப் எழுதியது என்ற நினைவோடு படித்தால் அதில் வேறொரு நூல் தெரிகிறது.

கதாநாயகன் பிரதாபன் சத்தியபுரியில் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. பாடம் படிக்க உபாத்தியாயர் வருகிறார். பிள்ளையை அடிக்கக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. ஆகவே பிரதாபன் செய்யும் பிழைகளுக்கெல்லாம் கூடப் படிக்கும் ஏழைப் பையன் கனகசபை அடி வாங்குகிறான். படிப்பவர் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்தபின் யோசித்தால், சட்டம் உலகத்தில் நடக்கும் விதத்துக்கு இதைவிடச் சுருக்கமான படம் இல்லை என்று தோன்றுகிறது. குற்றம் ஒருவனுடையது, முதுகு வேறொருவனுடையது.

ஆச்சரியமான ஒரு பொருத்தத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்க ஆசிரியர் மார்க் ட்வெயின் இரண்டு வருஷத்துக்குப்பின், 1881-ல், ஓர் அரசகுமாரனும் ஓர் ஆண்டிப் பையனும் உடை மாற்றிக்கொண்டதால் இடம் மாறிய கதையை வெளியிட்டார். அதிலும் அரசகுமாரனுக்குப் பதிலாக அடி வாங்குவதற்கென்று சம்பளம் பெறும் பையன் ஒருவன் வருகிறான். ஹம்ப்ரி மார்லோ என்று பெயர். புது அரசன் இனிப் படிக்க வேண்டாமென்று விட்டுவிட்டால் தன் பிழைப்புப் போய்விடுமே என்று அவன் கவலைப்படுகிறான்! ட்வெயின் தமிழ் அறியார்; வேதநாயகம் பிள்ளை ட்வெயினுடைய கதை வெளிவருமுன்பே எழுதி அச்சிட்டுவிட்டார். உலகத்தின் இரு கோடிகளில் இருந்த இருவருக்கும் நியாயத்தைப்பற்றி யோசித்த அளவில் ஒரே உருவம் தோன்றியிருக்கிறது. இருவரிலும் ட்வெயின் ஒருபடி மேலே போகிறார் என்பதையும் சொல்லவேண்டும். அடிபடுகிறவன் அடியையே ஜீவனமாகக் கொண்டு அதை இழக்கப் பயப்படும் நிலையை அவர் காட்டுகிறார். அடிமை நாட்டில் பிறந்த நமக்கு அந்தப் பையனுடைய பயம் நன்றாக விளங்கும்.

பொருத்தம் இத்தோடு நிற்கவில்லை. ட்வெயின் கதையில் ஆண்டிப் பையன் சிம்மாசனத்தில் இருக்கும்போது, புயலை வரவழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணையும் அவளுடைய சிறு மகளையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவன் சட்டம் படித்தவன் அல்லன். அப்படியானால் இப்பொழுதே ஒரு புயலை வரவழைத்துக் காட்டு என்கிறான், அவளால் முடியவில்லை, விடுதலை செய்கிறான். ஸேலத்து நியாயாதிபதிகளுக்குத் தோன்றாத எளிய சோதனை அது. நம் நூலில் அந்த இடத்தில் இருப்பவள் ஞானாம்பாள். கணவனைப் பிரிந்து, ஆண் வேஷம் பூண்டு அலைந்து விக்கிரமபுரிக்கு வரும் அவளுக்குப் பட்டத்து யானை மாலையிடுகிறது; ராஜாவாகிறாள். அவள் கணவன் பிரதாபனோ அதே நகரத்தில் அநியாயமாகச் சிறைப்பட்டிருக்கிறான். வழக்குகளை அவள் கேட்கும் முறையையும், உத்தியோகஸ்தர்களுக்கு அவள் இடும் கட்டளைகளையும் ஆசிரியர் விஸ்தாரமாகவே எழுதுகிறார். கதை நடையாகப் பார்த்தால் அது நீளம் என்று குறை கூறுவார் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. மேலதிகாரிகளுக்கு எழுத முடியாத யாதாஸ்துகளை மாயூரத்து முன்சீப் அங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்.

தீர்ப்புச் சொல்லும் பீடத்தில் அவர் ஒரு பெண்ணை உட்கார வைத்ததையும் கவனிக்க வேண்டும். பெண்மதி மாலையும் பெண் கல்வியைப்பற்றிய வசனமும் 1869-லேயே எழுதியவருக்கு இது இயல்பே. ஆனால் 1879-ல் ஒரு பெண் நியாயாதிபதியை இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் காண முடியாது. திருவிதாங்கூரில் ஸ்ரீமதி அன்னா சாண்டி முன்சீபாக நியமிக்கப்பட்டது 1937-ல். கதைக்குப்பின் ஐம்பத்தெட்டு வருஷம். அமெரிக்காவிலும் 1917-ல் ஸூசன் கிளாஸ்பெல் என்ற மாது ஒரு சிறுகதை எழுதினார்; கணவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட குடியானவப் பெண்ணின் வீட்டில் அதிகாரிகள் மாடியெல்லாம் சாட்சியம் தேட, கூடவந்த இரு பெண்கள் அடுக்களையிலும் தையல் சாமானிலும் இருந்த சாட்சியத்தைக் கண்டு, தங்களுக்குள் தீர்ப்பும் செய்து முடிக்கிறார்கள். அக்காலத்தில் அந்நாட்டு ராஜ்யங்களிற் பெரும்பாலானவற்றில் பெண்களுக்கு ஜூரியில் இடமில்லை. பெண் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் அமெரிக்காவில் அடுக்களையும் தமிழ்நாட்டில் ஆண் வேஷமும் வேண்டியிருந்தன.

அந்நூலில் தேச பாஷையைப்பற்றி வரும் பகுதியே நம் மனத்தை மிகவும் கவர்வது. நியாயாதிபதி தமிழர், வாதி பிரதிவாதிகள் தமிழர், வக்கீல்களும் தமிழர், பேச்சு மட்டும் ஆங்கிலம். வழக்குக்கு உடையவன் ஊமைபோல் நின்று வாய் பார்க்கிறான். இதை ஆசிரியர் பரிகசிக்கும் விதத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். நாமும் அத்தொழிலைச் சேர்ந்தவராதலால் அப்பகுதியை நடுநிலையோடு மதிப்பிடுவது நமக்கு எளிதன்று. ஆயினும் அவர் சொல்வது மெய். வெள்ளைக்கார ஜட்ஜின் முன் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது, அது விதி. தமிழ் ஜட்ஜின் முன் தமிழ் வக்கீல் தமிழ்க் கட்சிக்காரனை அந்நியனாக்குவது நாமே தேடிக்கொண்டது.

அந்நிய பாஷையில் தீர்ப்புப் பெறுவதன் கொடுமையைத் தேசம் முழுவதும் கண்டறிந்தது 1908-ல். லோகமான்ய திலகர் கேஸரியில் மராட்டியில் எழுதிய வியாசங்களுக்காகப் பம்பாய் ஹைக்கோர்ட்டில் விசாரிக்கப்பட்டார். ஜூரிகள் ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேர் ஐரோப்பியர். மராட்டி வியாசத்தின் குற்றத்தை ஆங்கில மொழிபெயர்ப்பைக்கொண்டு நிறுத்துப் பார்த்து ஏழுக்கு இரண்டாகத் தீர்மானித்தார்கள். ஆறு வருஷம் தேசப்பிரஷ்டம் கிடைத்தது. ஆங்கிலப் பிரதியில் உள்ள வார்த்தை தாம் எழுதிய வார்த்தையன்று என்று திலகர் வாதித்துக் களைத்துப்போனார். குளத்தூர்ப் பிள்ளை 1848 முதல் நின்று பார்த்த அதே இடைவெளி.

இப்பொழுது, தொடக்கத்தில் சொன்ன வழக்குக்கு வருவோம். அவர் ஆங்கில அரசாட்சியை எதிர்த்தவர் அல்லர். அதை நல்லாட்சியென்றே நம்பினார். காங்கிரஸ் மகாசபை ஏற்பட்ட 1885-ல் அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. சுதந்தரம் என்ற சொல்லை நாம் பிற்காலத்தில் கொண்ட பொருளில் அவர் கொண்டதில்லை. இவையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியவையே. நம் கட்சி இவ்வளவுதான்: அவர் ஆட்சியின் கொடியை விட்டுவிட்டார், ஆனால் ஆட்சியின் நாவைப் பிடித்துக்கொண்டார். ஜனங்களை அவர்களுக்கு விளங்காத பாஷையில் நியாயந் தீர்க்கக் கூடாது என்று ஒருவன் சொல்லத் தொடங்கினால் அவன் எங்கே கொண்டுபோய் நிறுத்துவான் என்பது அந்தச் சர்க்காருக்குத் தெரியாமற் போயிற்று. சம்பளம் கொடுத்து அவரை அங்கே உட்கார வைத்ததும் அவர்களே.

சுதந்தரம் வந்து, அரசியல் சாஸனமும் 1950-ல் அமுலுக்கு வந்தது. அதன் 348-வது பிரிவு ஹைக்கோர்ட்டுகளிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் ஆங்கிலத்தையே வைத்தது; கவர்னர் ராஷ்டிரபதியின் சம்மதத்தோடு ஹைக்கோர்ட்டில் வேறு பாஷையை அனுமதிக்கலாம் என்று ஒரு வாசலையும் வைத்தது. அந்த வாசல் வழியே ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீஹார் ஹைக்கோர்ட்டுகளில் ஹிந்தி புகுந்தது. தமிழ்நாட்டுச் சட்டசபை 2006-ம் வருஷம் டிஸம்பரில் தமிழுக்காகத் தீர்மானம் செய்தது. சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயம் சாதகமாயில்லாமையால் அது கைகூடவில்லை. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் உண்டு. அங்கே தன் வழக்கைக் காதாரக் கேட்ட எடப்புளி நாட்டான், அதே வழக்கு மேலே போனால் வக்கீல் முகத்தைப் பார்த்து ஜயாபஜயம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டார் 2019 முதல் தங்கள் தீர்ப்புகளிற் சிலவற்றைத் தமிழ் முதலிய தேச பாஷைகளில் வெளியிட்டு வருகிறார்கள். நல்ல காரியம். அதைத் தமிழில் 1862-ல் ஒரு முன்சீப் தனியாகச் செய்து முடித்திருந்தார் என்பதை அவர்களுக்கு யாரேனும் தெரிவித்தால் நன்று.

தம் இரண்டாவது நாவலாகிய சுகுணசுந்தரியை 1887-ல் வெளியிட்டார். அதற்கு இரண்டு வருஷத்துக்குப்பின் மாயூரத்திலேயே அவர் ஆவி பிரிந்தது, வயது அறுபத்திரண்டு. பிரதாப முதலியார் சரித்திரம் எத்தனையோ தடவை அச்சாகியிருக்கிறது. சித்தாந்த சங்கிரகத்தைக் கையில் வைத்துப் படிப்பவரை நாம் அதிகம் கண்டதில்லை. நேயர்கள் எவரிடமேனும் அதன் நல்ல பிரதி இருக்குமாயின் நமக்குத் தெரிவிக்கக் கோருகிறோம். பிரதியைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவதோடு, அதிலுள்ள தீர்ப்புகளை வாரம் ஒன்றாக இப்பத்திகளில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.